ஆமைக் கூட்டுக்கு எந்த மண்? – கேள்வி பதில்

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நட்சத்திர ஆமை இலங்கையில் பாதுகாக்கப்பட்ட இனம். பிடித்து வந்து வளர்ப்பது குற்றம். அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தமும் 2019இல் அதை மிகக் கடுமையான முதலாம் பட்டியலில் சேர்த்துவிட்டது. அதனால் இந்தப் பதில்கள் அனுமதியோடு பராமரிப்பவர்களுக்கும், காயத்தோடு வந்த ஆமையை வனசீவராசிகள் திணைக்களத்திடம் கையளிக்கும் வரை வைத்திருப்பவர்களுக்கும்தான்.

அண்ணை, மணற்காட்டுக் கடற்கரை மணலைக் கொண்டுவந்து கொட்டலாமா? வெள்ளையாக அழகாக இருக்கும். (பருத்தித்துறை)

அழகு உங்களுக்கு, ஆமைக்கு இல்லை. கடற்கரை மணலில் உப்பு இருக்கும். ஈரமான கீரையில் ஒட்டி வயிற்றுக்குள் போய்க் குடலை அடைத்துவிடும். ஆமை சாப்பாட்டை விட்டு, கழிவும் போகாமல், பின்னங்காலை இழுத்து நடந்தால் உடனே மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். எந்த மண் போட்டாலும் சாப்பாட்டைத் தரையில் வைக்க வேண்டாம். தட்டையான கல் ஒன்றில் வையுங்கள். சுண்ணாம்புச் சத்துக் குறைந்த ஆமை தானாகவே மண்ணைத் தின்னும், அதையும் கவனியுங்கள்.

அப்ப எதைத்தான் போடுவது? (கோண்டாவில்)

கோண்டாவிலில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா தம்பி! உங்கள் வளவுச் செம்மண்ணை விட நல்லது கடையில் கிடையாது. தனிச் செம்மண் காய்ந்தால் இறுகும், நனைந்தால் ஒட்டும். அதனால் இரண்டு கடகம் செம்மண்ணுக்கு, கழுவிய ஆற்று மணல் ஒரு கடகம் கலவுங்கள். இலேசாக நனைத்துக் கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். அரை அடி ஆழமாவது வேண்டும். வெயிலுக்கு ஆமை புதையும், பெட்டை ஆமை பின்னங்காலால் குழி தோண்டித்தான் முட்டையிடும். அடியில் பொலித்தீன் விரிக்காதீர்கள், தண்ணீர் இறங்காது.

மண்ணை எங்கே எடுக்கிறீர்கள் என்பதுதான் எனக்குப் பெரிய பயம். வெங்காயம், புகையிலை போட்ட தோட்டத்து மண் வேண்டவே வேண்டாம். எத்தனை போகம் மருந்தடித்ததோ யாருக்குத் தெரியும்? மருந்து படாத பின்வளவில் வெட்டுங்கள். பாதி இடத்தில் அறுகம்புல் பிடிக்க விட்டால் அதுவே மண்ணையும் பிடிக்கும், தீனியுமாகும்.

மர ஆலையில் மரத்தூள் சும்மா தருகிறார்கள். உமியும் இருக்கிறது. (சாவகச்சேரி)

இரண்டும் வேண்டாம். தூசி கண்ணிலும் மூக்கிலும் ஏறும், நனைந்தால் பூஞ்சணம் பிடிக்கும். மரத்துக்கு என்ன மருந்து பூசினார்களோ அதுவும் சேர்ந்து வரும். தும்புத் தூள் என்றால் மண்ணோடு கொஞ்சம் கலக்கலாம். ஆனால் உப்புத் தண்ணீரில் ஊறிய தும்பாக இருந்தால் இரண்டு மூன்று தரம் நல்ல தண்ணீரில் அலசுங்கள்.

சீமெந்துத் தரை கழுவ லேசுதானே அண்ணை? (நல்லூர்)

நானும் அப்படித்தான் நினைத்துச் சீமெந்து போட்டேன். சில மாதங்களில் ஆமையின் அடி ஓடு தேய்ந்து, நகமும் மழுங்கிப் போய்விட்டது. பிறகு அலவாங்கால் உடைத்தேன். சந்தேகம் என்றால் சித்திரை வெயிலில், மத்தியானம், செருப்பில்லாமல் அந்தத் தரையில் நின்று பாருங்கள்.

மாரியில் எங்கள் வளவில் தண்ணீர் நிற்கும். என்ன செய்யலாம்? (அரியாலை)

கூட்டின் ஒரு மூலையில் ஓரடி உயரத்துக்கு மண்ணை மேடாக்கி, மேலே கிடுகு போடுங்கள். மேட்டுக்கு ஏறும் பக்கம் சரிவாக இருக்கட்டும். செங்குத்தாக இருந்தால் ஆமை புரண்டு மல்லாந்துவிடும். கார்த்திகை முழுக்க ஈரத்திலேயே கிடந்தால் அடி ஓட்டில் அழுகல் வரும். கிழமைக்கு ஒரு தரம் தூக்கிப் பாருங்கள். மெத்தென்ற இடமோ கெட்ட மணமோ இருந்தால் காய்ந்த இடத்துக்கு மாற்றி வைத்தியரிடம் காட்டுங்கள். ஈரமாகிப்போன மண்ணை வெயில் வந்ததும் கிளறிவிட வேண்டும்.

அம்மம்மா கிணற்றுக்குள் விடச் சொல்கிறா. (காரைநகர்)

ஐயோ, வேண்டாம்! அவ சொல்வது தண்ணீரில் வாழும் பாலாமையாக இருக்கும். இது தரை ஆமை, நீந்தத் தெரியாது, செத்துப்போகும்.

கூடு அலரி மரத்தடியில் இருக்கிறது, இலை உதிர்ந்து விழும். பரவாயில்லையா? (மானிப்பாய்)

அலரி நஞ்சு தங்கச்சி. கூட்டை இன்றைக்கே செவ்வரத்தைப் பக்கம் மாற்றுங்கள். அந்தப் பூவும் இலையும் விழுந்தால் ஆமை சந்தோஷமாகத் தின்னும்.