ஸ்டீம்பங்க் சாகசக் காதல் கதையில் நாயகியே கண்டுபிடிப்பாளராக இருந்தால் நம்பும்படி இருக்குமா?

தாராளமாக இருக்கும். எழுத உட்காருவதற்கு முன், மோட்டார் வண்டியின் முன்னோடிகளில் ஒருவரான பெர்த்தா பென்ஸைப் பற்றிக் கொஞ்சம் படியுங்கள். ஸ்டீம்பங்க் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் நீராவி எந்திர உலகை வைத்துப் பின்னும் கற்பனைக் கதை. அது என்றதும் புகைக்கூண்டு, பித்தளைப் பல்சக்கரம், ஆகாயக் கப்பல் எல்லாவற்றையும் அடுக்கிவிட்டு, நாயகிக்கு ஒரு பெரிய கண்ணாடியை மாட்டி நிறுத்திவிடுகிறார்கள். அவள் கையில் கிரீஸ் படுவதே இல்லை. எனக்கு அதில்தான் வருத்தம்.

பெர்த்தா 1849இல் ஜெர்மனியின் ஃபோர்ட்ஸ்ஹைமில் பிறந்தவர். கார்ல் பென்ஸோடு கல்யாணம் நடப்பதற்கு முன்பே தன் சீதனப் பணத்தை வாங்கி, நொடித்துப் போயிருந்த அவருடைய பட்டறையில் போட்டார். 1886இல் மூன்று சக்கர மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை கிடைத்தபோது அதில் கார்லின் பெயர் மட்டும்தான் இருந்தது. அது பெட்ரோல் வண்டி, நீராவி வண்டி இல்லை. ஆனாலும் காலம் உங்கள் கதைக்கு ஏற்ற காலம்தான்.

வண்டியை வாங்க ஜனங்கள் தயங்கினார்கள். 1888 ஆகஸ்டில் ஒரு விடியற்காலை, கணவரிடம் சொல்லாமல், மகன்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு மான்ஹைமிலிருந்து பிறந்த வீட்டுக்குக் கிளம்பிவிட்டார் பெர்த்தா. 100 கிலோமீட்டருக்கு மேல்! அதுவரை யாரும் மோட்டார் வண்டியில் அவ்வளவு தூரம் போனதில்லை. எரிபொருள் தீர்ந்தபோது பெட்ரோல் பங்க் ஏது? வீஸ்லோக் ஊர் மருந்துக் கடையில், துணிக்கறை போக்க விற்கும் லிக்ரோயினை வாங்கி ஊற்றினார்.

எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பியில் குத்தியிருந்த ஊசியை உருவிக் குத்தி எடுத்தார். இதைப் படித்தபோது எனக்கு அம்மா ஞாபகம்தான் வந்தது. பம்ப் ஸ்டவ் சீறாமல் மங்கினால், ஸ்டவ் பின்னை எடுத்து அந்தச் சின்ன ஓட்டையில் ஒரே குத்து, குப்பென்று நீலமாக எரியும். பெர்த்தாவின் கையும் அப்படிப் பழகிய கைதான். அப்புறம் மின்கம்பியின் உறை தேய்ந்தபோது காலுறைப் பட்டியைச் சுற்றினார். மரக்கட்டை பிரேக் தேய்ந்ததும் செருப்பு தைப்பவரிடம் அதன்மேல் தோல் அடிக்கச் சொன்னார். பிரேக் லைனிங் என்று நாம் இன்று சொல்வது அதைத்தான். மேட்டில் ஏறாமல் வண்டியைத் தள்ள வேண்டியிருந்ததால், ஊர் திரும்பியதும் இன்னொரு கியர் வைக்கச் சொன்னதும் அவர்தான்.

உங்கள் நாயகிக்கும் இப்படி உடம்பில் அணிந்திருக்கும் பொருளிலிருந்தே யோசனை பிறக்கட்டும். ஆய்வுக்கூட வர்ணனை பத்துப் பக்கம் எழுதினாலும் அந்த ஊசிக்கு ஈடாகாது.

காதலுக்கும் அவர்கள் வாழ்க்கையிலேயே ஒரு காட்சி இருக்கிறது. கார்லே பின்னாளில் எழுதிவைத்தது. 1879 டிசம்பர் 31, இரவு. கையில் காசில்லை, எஞ்சினோ பல நாளாக ஓட மறுக்கிறது. சாப்பிட்டு முடித்ததும் பெர்த்தா, வாருங்கள், பட்டறைக்குப் போய் இன்னொரு தடவை பார்த்துவிடலாம் என்கிறார். போய்ச் சுழற்றுகிறார்கள். எஞ்சின் பிடித்துக்கொள்கிறது. அந்தச் சத்தத்தைக் கேட்டபடி இருவரும் ஒரு மணி நேரம் பேச்சே இல்லாமல் நிற்கிறார்கள். அப்போது வெளியே புத்தாண்டு மணி அடிக்கத் தொடங்குகிறது.