முறிவு மருந்து இல்லையென்றால் விஷமும் இல்லையா?

கேள்வி: கோத்தகிரிப் பக்கம் உருளைக்கிழங்கும் கேரட்டும் போடுகிறோம், கொஞ்சம் தேயிலையும் உண்டு. குளோர்பைரிபாஸ் பூச்சிமருந்து டப்பாவில் ‘விஷமுறிவு: அட்ரோபின்’ என்றிருக்கிறது. அதை வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளலாமா? பாராகுவாட் களைக்கொல்லியில் ‘விஷமுறிவு இல்லை’ என்றிருக்கிறதே, அதில் விஷம் குறைவா?

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன், ஆபத்து அதில்தான் இருக்கிறது. பாராகுவாட் ஒரு மடக்கு உள்ளே போனாலே உயிர் பிழைப்பது கடினம். சிறுநீரகமும் நுரையீரலும் சில நாட்களில் கெட்டுவிடும். அதை முறிக்க மருந்தே கிடையாது என்பதைத்தான் டப்பா சொல்கிறது. நஞ்சின் கடுமையை அறிய லேபிளிலுள்ள முக்கோணத்தைப் பாருங்கள்: சிவப்பு மிகக் கடுமை, அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் பச்சை.

குளோர்பைரிபாஸ் வேறு வகை. நரம்புகளை அடக்கி வைக்கும் ஒரு நொதியை அது முடக்கிவிடும். எச்சில் வழியும், வியர்த்துக் கொட்டும், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும், நெஞ்சு முழுக்கச் சளி கட்டி மூச்சு முட்டும். அட்ரோபின் இந்தச் சுரப்பை வற்றச் செய்யும், அவ்வளவுதான். முடங்கிய நொதியை மீட்கப் பிராலிடாக்சிம் என்ற இன்னொரு மருந்து உண்டு; அதையும் சீக்கிரம் கொடுத்தால்தான் பலன். மருத்துவர் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து, சளியின் சத்தம் அடங்கும்வரை அட்ரோபினைத் திரும்பத் திரும்ப ஏற்றுவார். அளவு மிஞ்சினால் அட்ரோபினே விஷம். ஆகவே வாங்கி வைக்காதீர்கள். அந்த வரி மருத்துவர் படிப்பதற்காக அச்சிடப்பட்டது.

அவர் படிக்க வேண்டுமானால் டப்பா அவர் கைக்குப் போக வேண்டும். சில்லறையாக வாங்கிப் பழைய பிராந்தி பாட்டிலில் ஊற்றி வைக்கும் வழக்கம் நம் மலையில் இன்னும் போகவில்லை. அதில் லேபிள் ஏது? பெயர் தெரியாவிட்டால் சிகிச்சையே தடுமாறும். பாராகுவாட் குடித்தவருக்கு வழக்கம்போல ஆக்ஸிஜன் வைத்தால் நுரையீரல் இன்னும் கெடும்.

உப்புத் தண்ணீர், சாணிக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பூச்சிமருந்தில் கலந்த எண்ணெய்க் கரைப்பான் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். தெளிக்கும்போது மயக்கம் வந்தால், முதலில் ஸ்வெட்டரைக் கழற்றுங்கள். குளிருக்குப் பயந்து அப்படியே விட்டுவிடுகிறார்கள். நனைந்த கம்பளி வழியாக மருந்து தோலுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு 108-ஐ அழையுங்கள். கடையிலிருந்து டப்பா வந்த அன்றே லேபிளைக் கைபேசியில் படம் பிடித்து வைத்திருந்தால், அவசரத்தில் ஷெட்டுக்கு ஓட வேண்டியிருக்காது.