காந்தம் ஒட்டினால் 304 இல்லை என்று அர்த்தமா?

கேள்வி: காவேரிப்பட்டணம் பக்கம் சிறிய அளவில் மாங்கூழும் ஊறுகாயும் தயாரிக்க 200 லிட்டர் எவர்சில்வர் தொட்டி வாங்கப் பார்க்கிறோம். ஒரு பட்டறையில் 304 ரக எவர்சில்வர் என்று சொல்லும் தொட்டியில், அடிவளைவிலும் வெல்டிங் ஜாயிண்டிலும் காந்தம் லேசாக இழுக்கிறது. வேறொரு இடத்தில் அதையே குறைந்த விலைக்குத் தருகிறார்கள். அதில் எங்குமே ஒட்டவில்லை. எதை வாங்கலாம்?

பதில்: காந்தத்தை மட்டும் நம்பி இரண்டையும் வாங்காதீர்கள். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது எங்கும் ஒட்டாத அந்த மலிவுத் தொட்டியைத்தான்.

காந்தம் ஒட்டுவதும் ஒட்டாததும் உள்ளே அணுக்கள் எப்படி அடுக்கியிருக்கின்றன என்பதைப் பொறுத்தது. சாதாரண இரும்பின் அடுக்கு காந்தத்துக்கு இழுபடும். அதில் குரோமியம் மட்டும் 16 முதல் 18 சதவீதம் சேர்த்தால் அது 430 என்ற எவர்சில்வர் ரகம். துருவைத் தாங்கும், ஆனால் அடுக்கு மாறாது; காந்தம் கப்பென்று ஒட்டும். இரும்பை 912 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்கினால் அடுக்கு வேறாகிவிடும், அதைக் காந்தம் இழுக்காது. ஆறினால் பழைய நிலைக்கே திரும்பும். போதிய நிக்கல் சேர்த்தால் ஆறிய பிறகும் அந்தப் புது அடுக்கு அப்படியே நிற்கும். குரோமியம் 18, நிக்கல் 8 சதவீதம் கொண்ட 304 இந்த வகை. நிக்கல் தனியாக இருந்தால் காந்தத்தில் ஒட்டும் உலோகம் என்பது இதில் வியப்பான விஷயம்.

நிக்கல் விலை அதிகம். அதே அடுக்கை மாங்கனீசும் நிறுத்தி வைக்கும், அது மலிவு. 202, ஜே4 போன்ற 200 வரிசை எவர்சில்வர் ரகங்கள் இப்படி வந்தவைதான். 202-இல் நிக்கல் 4 முதல் 6 சதவீதம். சந்தையில் ஜே4 என்று விற்பதில் சுமார் 1 சதவீதம்தான். இவற்றிலும் காந்தம் ஒட்டாது. ஆனால் நிக்கல் குறைவு, ஜே4-இல் குரோமியமும் குறைவு. உப்பும் புளிப்பும் தொடர்ந்து படும் இடத்தில் புள்ளி புள்ளியாகக் குழி விழுந்து அரிக்கும்.

சரி, முதல் தொட்டியில் ஏன் இழுக்கிறது? 304 தகட்டைச் சூடாக்காமல் அழுத்தி வளைக்கும்போது, வளைந்த இடத்தில் அடுக்கின் ஒரு பகுதி காந்தத்தை ஏற்கும் மார்ட்டென்சைட் என்ற வேறு அடுக்காக மாறிவிடும். வெல்டிங் ஜாயிண்டில் காரணம் வேறு: உருகிய உலோகம் ஆறும்போது வெடிப்பு விடாமலிருக்க, 308 என்ற வெல்டிங் கம்பியில் சில சதவீதம் ஃபெரைட் (காந்தம் ஒட்டும் அடுக்கு) வேண்டுமென்றே வரும்படி செய்திருப்பார்கள். இரண்டுமே குறை இல்லை.

சின்ன நியோடிமியம் காந்தத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டு, தொட்டிச் சுவரின் நடுவிலிருந்து மெல்லக் கீழே இறக்கிப் பாருங்கள். சமதளத்தில் நூல் நேராக நின்று, வளைவை நெருங்க நெருங்கச் சாய்ந்தால் அது 304-க்கு இயல்பு. நடுச்சுவரிலேயே பலமாகப் பிடித்தால் 430 போன்ற வகை. வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். காந்தம் இவ்வளவுதான் சொல்லும். 304-ஐயும் 200 வரிசையையும் பிரித்துக் காட்டாது.

அதற்கு, பில்லில் 304 என்று எழுதி வாங்கி, தகட்டின் மில் டெஸ்ட் சர்டிபிகேட்டையும் (தகடு செய்த ஆலை தரும் பரிசோதனைச் சான்று) கேளுங்கள். அதில் நிக்கல் 8-க்குக் குறையாமலும் மாங்கனீசு 2-க்கு மிகாமலும் இருக்க வேண்டும். அதிலுள்ள ஹீட் நம்பர் (எந்த உருக்குத் தொகுதி என்று காட்டும் எண்) தகட்டில் அச்சிட்டதோடு ஒத்துப்போக வேண்டும். தொட்டி ஏற்கெனவே தயாராகி அச்சு அழிந்திருந்தால், 9 வோல்ட் பேட்டரியுடன் வரும் சொட்டு டெஸ்ட் (மாங்கனீசை நிறத்தால் காட்டும் திரவம்) உதவும். வெளிப்புறத்தில் சிறு இடத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்து ஒரு சொட்டு விட்டு பேட்டரியை வையுங்கள். மாங்கனீசு அதிகமுள்ள தகட்டில் சீக்கிரமே சிவப்பேறும்; பாட்டிலோடு வரும் நிற அட்டையோடு ஒப்பிட்டுவிட்டு உடனே கழுவிவிடுங்கள். இன்னும் உறுதி வேண்டுமானால் உலோகப் பரிசோதனைக் கூடத்தில் எக்ஸ்-ரே கன் வைத்துப் பார்க்கச் சொல்லலாம். சுவர், அடி, குழாய் முனை, வால்வு என்று தனித்தனியாகப் பாருங்கள். சுவரை 304-இல் போட்டுவிட்டு முனையை மட்டும் மலிவுத் தகட்டில் போடுவது நடக்கக்கூடியது. அந்தக் கருவி கார்பனை அளக்காது என்பதால் 304-க்கும், கார்பன் குறைந்த 304எல்-க்கும் வித்தியாசம் தெரியாது.

மாங்கூழ் காய்ச்ச 304 போதும். ஊறுகாய் அப்படியில்லை. உப்பு 304-ஐயும் குழி விழ வைக்கும். கலக்க மட்டும் மாலிப்டினம் 2 முதல் 3 சதவீதம் உள்ள 316எல் ரகத் தொட்டி வாங்குங்கள். ஊறுகாயைச் சேமித்து வைக்க உணவுத் தர பிளாஸ்டிக் பீப்பாயோ பீங்கான் ஜாடியோதான் சரி. பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரைத் தொட்டியில் இரவு முழுக்க விட்டு வைக்கவே கூடாது.

அசல் 304-உம் பட்டறையிலேயே கெடும். சாதா இரும்பை அறுத்த கிரைண்டர் டிஸ்க்கை இதில் ஓட்டினால், ஒட்டிக்கொண்ட இரும்புத் தூள் சில நாளில் பழுப்புப் புள்ளியாகத் துருப்பிடிக்கும். புது டிஸ்க், எவர்சில்வர் கம்பி பிரஷ் மட்டும் பயன்படுத்தச் சொல்லுங்கள். வெல்டிங் ஓரத்தில் நீலமும் பழுப்புமாகத் தெரியும் கறையைப் பிக்ளிங் பேஸ்ட் (அமிலப் பசை) போட்டு எடுத்து, நல்ல தண்ணீரில் கழுவிய பிறகே தொட்டியை எடுத்து வாருங்கள்.