தாயாரின் நோயைக் கர்மா என்று விட்டுவிடலாமா?

கேள்வி: என் தாயாருக்கு வயது 71. இரண்டு ஆண்டுகளுக்கு முன் பக்கவாதம் வந்து, வலது கையும் காலும் செயலிழந்து படுக்கையில் இருக்கிறார். வேலையை விட்டுவிட்டு நான்தான் பார்த்துக்கொள்கிறேன். "போன பிறவிக் கர்மா, அனுபவித்துத்தான் தீர வேண்டும், பிசியோதெரபி என்று பணத்தைக் கரைக்காதே" என்கிறார் பெரியம்மா. நான் செல்லும் யோகா வகுப்பிலும் துன்பத்தால் கர்மா கழிகிறது என்றே பேசுகிறார்கள். இரவில் நான்கைந்து முறை அம்மா எழுப்பும்போது சில நாள் கத்திவிடுகிறேன். அது புதிய கர்மாவாகச் சேருமோ என்ற பயத்தில் பிறகு தூக்கமே வருவதில்லை. யோக சாத்திரம் இதைப் பற்றி என்னதான் சொல்கிறது?

பதில்: தாயாருக்கு அளிக்கும் பிசியோதெரபியைக் கர்மாவின் பெயரால் நிறுத்த வேண்டாம். பதஞ்சலியின் யோகசூத்திரத்திலோ அதற்கு வியாசர் எழுதிய பாஷ்யம் என்னும் விளக்கவுரையிலோ அப்படி நிறுத்துவதற்கு எந்த ஆதாரமும் இல்லை. மாறாக, வியாசர் யோக சாத்திரத்தின் அமைப்பையே மருத்துவத்தைக் கொண்டுதான் விளக்குகிறார். நோய், நோய்க்குக் காரணம், நோயற்ற நிலை, மருந்து என்று மருத்துவ நூல் நான்கு பகுதியாக இருப்பதுபோல, பிறவிச் சுழல், அதன் காரணம், விடுதலை, விடுதலைக்கான வழி என்று இந்த நூலும் நான்கு பகுதி உடையது என்கிறார். அதை அடுத்து வரும் சூத்திரம் (2.16, அதாவது பாதம் எனப்படும் பகுதிகளில் இரண்டாவதன் 16ஆம் சூத்திரம்) மிகச் சிறியது: இனி வரவிருக்கும் துன்பம் தவிர்க்கத்தக்கது. கடந்த துன்பம் அனுபவித்து முடிந்தது, இந்தக் கணத்தின் துன்பம் அனுபவத்தில் இருக்கிறது, ஆகவே முயற்சிக்கு இடமுள்ளது வரப்போவதில் மட்டுமே என்பது அதன் விளக்கம். படுக்கைப்புண் வராமல் தாயாரைப் புரட்டிப் படுக்க வைப்பதும், மூட்டுகள் இறுகாமல் அசைத்துவிடுவதும் வரவிருக்கும் துன்பத்தைத் தவிர்க்கும் செயல்களே.

பெரியம்மாவின் கூற்றில் இன்னொரு பிழையும் உண்டு. ஒருவருடைய இன்ன துன்பம் இன்ன வினையின் பலன் என்று வெளியிலிருந்து சொல்ல முடியும் என அது எடுத்துக்கொள்கிறது. கர்மாவின் பலன் பிறப்பு, ஆயுள், இன்ப துன்ப அனுபவம் என மூன்றாக விளையும் என்று கூறும் சூத்திரத்துக்கு (2.13) எழுதிய நீண்ட விளக்கத்தில், பலன் விளையும் இடம், காலம், நிமித்தம் ஆகியவற்றை வரையறுக்க முடியாததால் கர்மாவின் போக்கு விசித்திரமானது, அறிதற்கு அரியது என்று வியாசரே ஒப்புக்கொள்கிறார். முற்பிறவியை அறிவது பற்றி மூன்றாம் பாதத்தில் ஒரு சூத்திரம் உண்டு. அதுவும் தன் சித்தத்தில் (மனத்தில்) பதிந்துள்ள சம்ஸ்காரங்களை, அதாவது முன் அனுபவங்களின் பதிவுகளை, நேரடியாகக் காணும் அளவுக்குச் சம்யமம் என்னும் மன ஒருமைப் பயிற்சியில் தேர்ந்த யோகிக்கே அந்த அறிவு வாய்க்கும் என்கிறது. அந்த நிலையில் இல்லாத நாம் மற்றவரின் நோய்ப் படுக்கையருகே நின்று அவருடைய முற்பிறவியைத் தீர்ப்பாகச் சொல்வது சாத்திரமும் ஆகாது, அன்பும் ஆகாது. துன்பப்படுபவரிடம் கொள்ள வேண்டிய மனநிலை கருணை என்று முதல் பாதம் (1.33) தெளிவாகவே கூறுகிறது.

அப்படியானால் கர்மாவைப் பற்றி யோகம் என்னதான் சொல்கிறது? செய்த செயல்கள் சித்தத்தில் விட்டுச்செல்லும் பதிவுகளின் இருப்புக்குக் கர்மாசயம் என்று பெயர். அதன் வேர் கிலேசங்கள் எனப்படும் ஐந்து மன மாசுகள்: அறியாமையாகிய அவித்தை, 'நான்' என்னும் அஸ்மிதை, விருப்பாகிய ராகம், வெறுப்பாகிய துவேஷம், உயிர்மேல் பற்றாகிய அபிநிவேசம். வேர் இருக்கும் வரைதான் பலன் விளையும் என்பது பதஞ்சலியின் சொல். இதற்கு வியாசர் தரும் உவமை நம் வயல்வெளிக்கு மிகவும் நெருக்கமானது. உமியோடு கூடிய, வறுபடாத நெல் முளைக்கும். உமி நீக்கியதோ வறுத்ததோ முளைக்காது. கிலேசமே அந்த உமி. எனவே யோகத்தில் கர்மா என்பது யாரோ எழுதி வைத்த தண்டனைப் பட்டியல் அன்று. அவரவர் உள்ளத்தில் அவரவரே கையாளக்கூடிய வித்து. படுத்திருப்பவர் வலியைத் தாங்கிக்கொண்டே இருப்பதால் மட்டும் உமி நீங்கிவிடாது என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும்.

உங்கள் வகுப்பில் சஞ்சிதம் (சேர்ந்து கிடக்கும் வினை), பிராரப்தம் (இப்போது பலன் தரும் வினை), ஆகாமியம் (இனிச் சேரும் வினை) என்ற பாகுபாட்டைச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். வேதாந்தத்திலும் சைவ சித்தாந்தத்திலும் சிறப்பாக வளர்ந்த பாகுபாடு அது. யோகசூத்திரத்தில் அது இல்லை. சித்தாந்தத்தில் வினைப்பயனை உயிருக்குக் கூட்டுவிப்பவன் இறைவன். பதஞ்சலி கூறும் ஈசுவரனோ கிலேசமும் கர்மாவும் அதன் விளைவும் தீண்டாத தனிப் புருஷன் (தூய உணர்வு). இரண்டையும் கலந்து பேசுவதால்தான் பல குழப்பங்கள் எழுகின்றன.

இனி உங்கள் கோபத்துக்கு வருவோம். அதற்குக் கணக்கே இல்லை என்று சொல்லி உங்களைத் தேற்ற நான் விரும்பவில்லை. தானே செய்வது, பிறரைக் கொண்டு செய்விப்பது, பிறர் செய்வதை ஆமோதிப்பது என்று மூன்று வகையிலும் இம்சை இம்சையே என்கிறது சூத்திரம் (2.34). ஆனால் அதே சூத்திரம் அதை மென்மை, நடுத்தரம், கடுமை என்று தரம் பிரிக்கவும் செய்கிறது. தூக்கம் இழந்தவர் வாயில் எழும் ஒரு சொல்லும், நோயாளியின் சிகிச்சையையே மறுப்பதும் ஒரே தரம் ஆகா. அஞ்சியவர், நோயுற்றவர், ஏழை எளியவர், நம்பி வந்தவர் ஆகியோருக்குத் திரும்பத் திரும்ப இழைக்கும் கேடு விரைவில் பலன் தரும் என்று வியாசர் எச்சரிப்பதை, கர்மா என்று சொல்லிச் சிகிச்சையை நிறுத்தச் சொல்பவர்கள்தான் முதலில் எண்ணிப்பார்க்க வேண்டும்.

கோபத்துக்குப் பதஞ்சலி காட்டும் வழி பிரதிபக்ஷ பாவனை. தீய எண்ணம் எழுந்து வருத்தும்போது, அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அந்த இடத்திலேயே எண்ணிப்பார்ப்பது அது. தாயார் கூப்பிட்டதும் எழுந்து உட்கார்ந்து, ஒரு மூச்சை முழுதாக விட்டு, 'இப்போது கத்தினால் இருவருக்கும் மிச்ச இரவும் போய்விடும்' என்று மனத்தில் சொல்லிக்கொண்டு, பிறகு விளக்கைப் போடுங்கள். தவறிவிட்ட இரவில் தாயாரிடம் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்ளுங்கள். விடியும் வரை பயந்துகொண்டிருப்பது கிலேசத்தைக் குறைக்காது. தபம் (தவம்), சுவாத்தியாயம் (நூல் ஓதுதலும் ஜபமும்), ஈசுவர பிரணிதானம் என்ற கிரியா யோகத்தின் நோக்கமே கிலேசங்களை மெலிவித்துச் சமாதி என்னும் ஆழ்ந்த ஒருமை நிலைக்கு வழிசெய்வதுதான். ஒரே நாளில் அவற்றை அறுத்துவிட வேண்டும் என்று அது கேட்கவில்லை. ஈசுவர பிரணிதானத்துக்குச் செயல்களையெல்லாம் பரமகுருவிடம் ஒப்படைப்பது அல்லது பலனைத் துறப்பது என்று பொருள் கூறுவர். 'இந்தச் சேவையால் என் கர்மா எவ்வளவு கழிந்திருக்கும்' என்ற கணக்கு மனத்தில் எழும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். புண்ணியத்தை நாடிச் செய்யும் நற்செயலும் கர்மாசயத்தில்தான் சேர்கிறது.

உங்கள் கோபத்துக்குப் பெரிய காரணம் தூக்கமின்மையே என்பது என் கணிப்பு. அதற்குத் தியானம் மாற்று ஆகாது. இரவில் எத்தனை முறை, எதற்காகத் தாயார் எழுப்புகிறார் என்பதை ஒரு வாரம் குறித்து மருத்துவரிடம் காட்டுங்கள். வலியோ, சிறுநீர்த் தொல்லையோ, பகல் தூக்கமோ காரணமாக இருந்தால் அதைச் சரிசெய்ய முடியும். பிசியோதெரபிப் பயிற்சியில் எதைத் தொடர்வது, எதைக் குறைப்பது என்பதையும், செலவு நெருக்கடி இருந்தால் அதையும் அவரிடமே பேசுங்கள். பெரியம்மாவிடம் சாத்திர வாதம் எதுவும் செய்ய வேண்டாம். அவர் உடல் நலம் இடம் கொடுத்தால், வாரத்தில் இரண்டு இரவு தன் தங்கையான உங்கள் தாயாரின் அருகில் வந்து படுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டுப்பாருங்கள்.