1098-ஐ அழைத்தால் என்னைக் காப்பகத்தில் சேர்த்துவிடுவார்களா?

கேள்வி: எனக்கு வயது 17. பிளஸ் 2 படிக்கிறேன். எங்கள் வீட்டிலேயே வசிக்கும் உறவினர் ஒருவர் என்னிடம் பாலியல் ரீதியாகத் தவறாக நடந்துகொள்கிறார். குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குச் சொன்னால் என்னைக் காப்பகத்தில் சேர்த்துவிடுவார்களா? ஊருக்குத் தெரிந்துவிடுமா?

பதில்: தயங்காமல் சொல்லுங்கள். நடந்ததில் உங்கள் தவறு எதுவும் இல்லை. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டப்படி, உங்கள் வீட்டிலோ நீங்கள் விரும்பும் இடத்திலோ, சீருடை அணியாத காவல் அதிகாரி, கூடுமானவரை பெண் அதிகாரி, உங்கள் வாக்குமூலத்தைப் பதிவு செய்ய வேண்டும். நீங்கள் நம்பும் ஒருவர் உடனிருக்கலாம். இரவில் உங்களைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. உங்கள் பெயர், பள்ளி, முகவரி ஆகியவற்றை ஊடகங்கள் வெளியிடுவது குற்றம்.

காப்பகம் பற்றிய உங்கள் அச்சத்துக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். புகாருக்குள்ளானவர் அதே வீட்டில் வசித்தால், காவல்துறை 24 மணி நேரத்துக்குள் உங்களைக் குழந்தைகள் நலக் குழுவின் முன் அழைத்துச் செல்லும். உங்களை வீட்டிலிருந்து வேறிடத்துக்கு மாற்றுவது அவசியமா என்பதைக் குழு மூன்று நாட்களுக்குள் முடிவு செய்ய வேண்டும். அப்போது உங்கள் விருப்பத்தையும் கருத்தில் கொள்ள வேண்டும். ஆகவே காப்பகம் கட்டாயமன்று. பாட்டி வீடோ சித்தி வீடோ பாதுகாப்பானது என்றால் அதை நீங்களே குழுவிடம் சொல்லுங்கள். தேர்வு நெருங்குவதையும் சொல்லுங்கள். கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள், ஏனெனில் அவசரத்தில் கேட்க மறந்துவிடுகிறார்கள். வழக்கு முழுவதும் உடனிருக்க ஓர் ஆதரவு நபரையும் கேட்டுப் பெறுங்கள்.

நான் அதிகம் அஞ்சுவது இதற்குப் பிறகு வருபவர்களைத்தான். 'குடும்ப மானம்' என்று பேசி வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்கும் ஊர்ப் பெரியவர்களும், இழப்பீடு வாங்கித் தருவதாகச் சொல்லிப் பங்கு கேட்கும் தரகர்களும் எப்படியோ வீடு தேடி வந்துவிடுகிறார்கள். இது சமரசம் பேசி முடிக்கும் வழக்கன்று. ஆசிரியர் ஒருவர் மீதான வழக்கில், குடும்பத்தார் சமரசம் செய்துகொண்டதை ஏற்று வழக்கை ரத்து செய்து உயர் நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவை 2024-இல் உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது. இடைக்கால இழப்பீட்டுக்குச் சிறப்பு நீதிமன்றமே உத்தரவிடலாம். தரகருக்கு அதில் வேலையே இல்லை.

விசாரணையைக் கூடுமானவரை ஓராண்டுக்குள் முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் வாய்தாவுக்கு மேல் வாய்தா போட்டு, பள்ளி மாணவி கல்லூரி முடிக்கும்வரை இழுக்கிறார்கள். இதைப் பொறுத்துக்கொள்ள என்னால் இயலவில்லை. எனினும் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் உங்களை நேரடியாகக் கேள்வி கேட்க முடியாது. கேள்விகள் நீதிபதி வழியாகவே வரும். குற்றம் சாட்டப்பட்டவரின் எதிரிலும் உங்களை நிறுத்தக் கூடாது.

முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகப் பெற்றுக்கொள்ளுங்கள். அவர் அனுப்பிய குறுஞ்செய்திகள் இருந்தால் எதையும் அழிக்காதீர்கள்.