வாசகர் கேள்வி, எங்கள் பதில்: டூசி ஆற்றங்கரைத் தலைநகரம்

இம்முறை வந்த கடிதங்களில் நான்கு பீட்டர்மாரிட்ஸ்பர்க்கைப் பற்றியவை. டர்பனிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் இந்தச் சிறிய நகரம் தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டால் மாகாணத்தின் தலைநகராக இருந்தும், நம்மவரில் பலருக்கு நெடுஞ்சாலையில் கடந்துபோகும் ஊராகவே இருக்கிறது என்ற குறை எனக்கு நெடுநாளாக உண்டு. ஆகவே நான்கு கடிதங்களையும் ஒன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

டிராக்கன்ஸ்பர்க் மலைக்குப் போகும் வழியில் ரயில் நிலையத்தில் நின்று, காந்தியடிகளின் நினைவுப் பலகையைப் பார்த்துவிட்டுப் புறப்பட்டுவிடுவது எங்கள் வழக்கம். இந்த ஜூலை விடுமுறையில் 9, 13 வயதுப் பிள்ளைகளோடு அங்கேயே இரண்டு நாள் தங்கலாமா? அவர்கள் வெளியில் ஓடியாட இடம் உண்டா?
(சாட்ஸ்வொர்த் வாசகி)

தாராளமாகத் தங்கலாம். ரயில் நிலையத்தையும் விட்டுவிட வேண்டாம். ஆனால் பகலில் போகாமல் காலையில் சீக்கிரமே போங்கள். முதல் வகுப்புப் பயணச்சீட்டு கையில் இருந்தும் காந்தி அங்கே வண்டியிலிருந்து இறக்கிவிடப்பட்டது 1893 ஜூன் 7ஆம் நாள் இரவில். அன்று அவருக்கு வயது 23. குளிரில் நடுங்கியபடியே காத்திருப்பு அறையில் அந்த இரவைக் கழித்தார். ஜூலை மாதக் காலைக் குளிர் பிள்ளைகளின் விரல்களில் ஏறும்போது, பலகையில் எழுதியிருப்பதை நீங்கள் விளக்க வேண்டிய தேவையே இராது. அங்கிருந்து சர்ச் வீதி வழியாக நடந்தால், அந்நிகழ்ச்சியின் நூறாம் ஆண்டான 1993இல் பேராயர் டெஸ்மண்ட் டூட்டு திறந்துவைத்த காந்தி சிலையும், 1898இல் தீக்கிரையாகி 1901இல் மறுபடி எழுப்பப்பட்ட செங்கல் நகர மண்டபமும் வரும்.

ஓடியாட என்றால் முதலில் தாவரவியல் பூங்காவைச் சொல்வேன். 1874இல் தொடங்கப்பட்ட அந்தத் தோட்டத்தில், 1908இல் நட்ட பிளேன் மரங்கள் இருபுறமும் நெடிதுயர்ந்து நிற்கும் ஒரு சாலை இருக்கிறது. ஜூலையில் அவை இலையுதிர்ந்து வெறுங்கிளைகளாக நிற்கும் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பொன்னிறமாகப் பார்க்க வேண்டுமானால் ஏப்ரல் இறுதியிலோ மே மாதத்திலோ இன்னொரு முறை வர வேண்டியிருக்கும். குளிர்காலத்துக்கும் தனி வரவு உண்டு: வானம் தெளிந்திருக்கும், மழை அரிது, புல் காய்ந்து தாழ்ந்திருக்கும். அதனால் நகரின் தென்புறத்திலுள்ள பிஸ்லி பள்ளத்தாக்குக் காப்பகத்தில் ஒட்டகச்சிவிங்கியையும் வரிக்குதிரையையும் எளிதில் காணலாம்.

பெரியவனுக்கு மிதிவண்டியில் ஆர்வம் இருந்தால் காஸ்கேட்ஸ் பகுதியைக் காட்டுங்கள். மலை மிதிவண்டி உலகச் சாம்பியன் போட்டி 2013இல் அங்கேதான் நடந்தது. சரிவோட்டத்தில் அவ்வூர்க்காரரான கிரெக் மினார் வென்றார். எந்தெந்தத் தடங்கள் திறந்திருக்கின்றன என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். நகரம் முழுவதையும் மேலிருந்து பார்க்க வேர்ல்ட்ஸ் வியூ என்ற முகடும், நிழலில் நடக்க ஃபெர்ன்கிளிஃப் காடும் உண்டு; அவ்விரு இடங்களுக்கும் நாலைந்து பேராகவே செல்லுங்கள், விலையுயர்ந்த பொருள்களை எடுத்துச் செல்ல வேண்டாம்.

டூசி படகோட்டப் போட்டியைத் தொலைக்காட்சியில் பார்த்ததிலிருந்து நானும் துடுப்புப் பிடிக்க வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. ஆனால் அந்த ஆற்றில் கால் வைத்தாலே நோய் வரும் என்று அம்மா தடுக்கிறார். யார் சொல்வது சரி?
(ஃபீனிக்ஸ் மாணவர்)

தம்பி, உங்கள் ஆசையும் சரி, அம்மாவின் அச்சமும் சரி. இரண்டையும் விளக்கவே இந்தப் பதில் சற்று நீள்கிறது.

உம்சுண்டூசி என்பது ஆற்றின் முழுப்பெயர். ஊரார் டூசி என்பார்கள். நகரை ஊடறுத்து ஓடி, பிறகு உம்கேனி ஆற்றில் கலந்து, டர்பனில் கடல் சேர்கிறது. அந்த நீர்வழியே கடல்வரை போக முடியுமா என்று பார்க்க 1951 டிசம்பரில் எட்டுப் பேர் புறப்பட்டார்கள். முடித்தவர் இயன் பிளேயர் ஒருவர்தான். நடுவழியில் பாம்பு கடித்தும் நிற்காமல் ஆறு நாள் பயணம் செய்து டர்பனை அடைந்தார். பிற்காலத்தில் வெள்ளைக் காண்டாமிருகம் அழிந்துபோகாமல் காத்த முயற்சியை முன்நின்று நடத்தியவரும் அவரே. அப்படித் தொடங்கிய டூசி படகோட்டம் இன்று மூன்று நாள் போட்டி. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கின் கேம்ப்ஸ் டிரிஃப்டில் தொடங்கி, இரண்டாம் நாள் இனாண்டா அணையில் தங்கி, மூன்றாம் நாள் டர்பனின் புளூ லகூனில் முடியும் ஏறத்தாழ 120 கிலோமீட்டர் வழி அது. துடுப்பு வலிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. பாறையும் வளைவும் மிகுந்த இடங்களில் படகைத் தோளில் சுமந்துகொண்டு மேடேறி ஓட வேண்டும். கிரேம் போப்-எல்லிஸ் 15 முறை வென்றதில், படகைச் சுமந்து அவர் ஓடிய ஓட்டத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

இனி அம்மாவின் பக்கம். போட்டிக்குப் பிறகு வரும் வாந்திக்கும் வயிற்றுப்போக்குக்கும் படகோட்டிகள் ‘டூசி கட்ஸ்’ என்று பெயரே வைத்திருக்கிறார்கள். பழுதான குழாய்களிலிருந்தும், நிரம்பி வழியும் தொட்டிகளிலிருந்தும் சாக்கடை நீர் ஆற்றில் சேர்வதே அதற்கு முதன்மையான காரணம். கோடையில் பெருமழை பெய்தால் நிலைமை மோசமாகும். தெருவிலும் வடிகாலிலும் கிடந்த அழுக்கு எல்லாம் ஒரே இரவில் ஆற்றுக்கு வந்துவிடும். 2019 ஆகஸ்டில் ஓர் ஆலையிலிருந்து எண்ணெயும் காரக் கழிவும் ஆற்றில் பாய்ந்து மீன்கள் கூட்டங்கூட்டமாக மடிந்ததை இன்னும் மறக்க முடியவில்லை. போதாததற்கு, மெல்ல ஓடும் வெதுவெதுப்பான நீரில் நத்தைகள் வழியாகப் பரவும் பில்ஹார்சியா நோயும் நம் மாகாணத்தில் உண்டு.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். டூசியில் குளிக்கவோ நீந்தவோ வேண்டாம். படகோட்டக் கழகம் ஒன்றில் சேர்ந்து, கேம்ப்ஸ் டிரிஃப்டின் அசையா நீரில் பயிற்சி பெறுங்கள். எந்த வாரம் நீரில் இறங்கலாம், எந்த வாரம் கூடாது என்பதை அங்குள்ள மூத்தவர்கள் அறிவார்கள். மழை பெய்த மறுநாள் இறங்காதீர்கள். உடலில் ஆறாத புண் இருந்தால் கரையிலேயே இருங்கள். கவிழ்ந்தால் வாயை இறுக மூடிக்கொள்ளப் பழகுங்கள். கரையேறியதும் கைகழுவாமல் எதையும் உண்ண வேண்டாம். நீந்தும் ஆசை இருந்தால் ஹோவிக் அருகேயுள்ள மிட்மார் நீர்த்தேக்கத்துக்குப் போங்கள். 1974 முதல் நடந்துவரும் மிட்மார் மைல் நீச்சலில் ஒவ்வொரு பிப்ரவரியும் ஆயிரக்கணக்கானோர் 1.6 கிலோமீட்டர் நீந்திக் கடக்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பூசைக்குப் பின் பூவையும் தேங்காயையும் ஆற்றில் விடுவது நம் வீடுகளில் உள்ள வழக்கம். அவற்றோடு சூடம் சுற்றிய பிளாஸ்டிக் உறையும் பையும் கரையில் கிடப்பதை நான் பலமுறை கண்டு வருந்தியிருக்கிறேன். ஆற்றைத் தாய் என்று வணங்கும் நாம் அதைச் செய்யலாகாது. டூசி-உம்கேனி பாதுகாப்பு அறக்கட்டளை போன்ற அமைப்புகள் அந்த ஆறுகளுக்காக உழைத்து வருகின்றன. நீங்கள் துடுப்புப் பிடிக்கத் தொடங்கியதும் அந்த வேலையிலும் ஒரு கை கொடுங்கள்.

கிரிக்கெட் பிரியனான நான் அங்கே பார்க்க வேண்டிய இடம் எது?
(லெனேசியா வாசகர்)

அலெக்சாண்ட்ரா பூங்காவிலுள்ள சிட்டி ஓவல். எல்லைக்கோட்டுக்கு உள்ளேயே ஒரு மரம் நிற்கும் அரிய மைதானம் அது. 2003 உலகக் கோப்பையில் பிப்ரவரி 14 அன்று, வங்கதேசத்துக்கு எதிரான ஆட்டத்தின் முதல் மூன்று பந்துகளிலேயே இலங்கையின் சமிந்த வாஸ் மூன்று விக்கெட் எடுத்தது அங்கேதான். ஒன்பது நாள் கழித்து நமீபியாவுக்கு எதிராக சச்சின் 152 ஓட்டங்கள் குவித்ததும், கங்குலி ஆட்டமிழக்காமல் சதம் அடித்ததும் அதே புல்வெளியில்தான். ஆட்டம் இல்லாத நாளிலும் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கத் தகுந்த இடம்.

80 வயதான எங்கள் ஆயாவால் அதிகம் நடக்க முடியாது. அவர்களை அழைத்துச் சென்று எதைக் காட்டலாம்?
(டொங்காட் வாசகி)

புனித வெள்ளியை ஒட்டிப் போக முடிந்தால், லாங்கலிபாலேலே வீதியிலுள்ள சிவசுப்பிரமணியர், மாரியம்மன் கோயிலில் அன்று நடக்கும் தீமிதியைக் காட்டுங்கள். பழைய லாங்மார்க்கெட் வீதிதான் அது. ஆயாவுக்கு அந்தப் பெயர்தான் தெரிந்திருக்கும். கூட்டம் மிகும் என்பதால் நேரத்தோடு சென்று உட்கார இடம் பிடித்துவிடுங்கள்.

அருவி பார்க்க ஹோவிக்குக்குப் போங்கள். 95 மீட்டர் உயரத்திலிருந்து உம்கேனி விழுவதை, வண்டியை நிறுத்தும் இடத்துக்கு அருகிலேயே நின்று காணலாம். ஏறி இறங்க வேண்டியதில்லை. அடியிலுள்ள மடுவில் இன்கன்யாம்பா என்னும் பெரும் பாம்பு வாழ்வதாகச் சூலு மக்கள் நம்புகிறார்கள். நீர்நிலைதோறும் ஒரு காவல் தெய்வத்தை அறிந்த ஆயா அந்தக் கதையை மிகவும் விரும்பிக் கேட்பார்கள் என்று நினைக்கிறேன்.

அங்கிருந்து சிறிது தொலைவில், 1962 ஆகஸ்ட் 5 அன்று மண்டேலா கைது செய்யப்பட்ட இடம் இருக்கிறது. அதற்குச் சக்கர நாற்காலி எடுத்துச் செல்வது நல்லது. 2012இல் நிறுவப்பட்ட 50 எஃகுத் தூண்கள் பக்கவாட்டில் பார்த்தால் தொடர்பற்ற கம்பிகளாகவே தெரியும். பாதையில் சுமார் 35 மீட்டர் தொலைவில் உள்ள ஓரிடத்திலிருந்து பார்க்கும்போது மட்டும் அவை ஒன்றுகூடி மண்டேலாவின் முகமாகும். ஆயாவின் நாற்காலியைச் சரியாக அந்த இடத்தில் நிறுத்துங்கள்.