நாய் இழுத்ததால் மட்டும்தான் விழுந்தீர்களா?

கேள்வி: எனக்கு 61 வயது. பாளையங்கோட்டையில் தனியார் பள்ளி ஒன்றில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றேன். இப்போது அதே பள்ளிக்குத் திங்கள், புதன், வெள்ளி மட்டும் ஆலோசகராகச் சென்று வருகிறேன். ஒன்பது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிடுகிறேன். பள்ளி நாள்களில் ஏழரை மணிக்கே காலை உணவு முடிந்துவிடும். மற்ற நாள்களில் எங்கள் இரண்டு வயதுச் சிப்பிப்பாறை நாயை ஒரு மணி நேரம் நடத்திவிட்டு வந்து சாப்பிட ஒன்பதரை ஆகிவிடுகிறது. மாத்திரையை மட்டும் வழக்கம்போல் ஏழு மணிக்குப் போட்டுவிடுவேன். அணிலைக் கண்டால் நாய் கையைப் பிடுங்குவதுபோலப் பாய்கிறது. இரண்டு மாதமாக வலது தோளில் வலி. கையைப் பின்னால் கொண்டுபோய்க் கொண்டை போட முடியவில்லை. போன செவ்வாய்க்கிழமை நடக்கும்போது கீழே விழுந்துவிட்டேன். எழுந்த பின்னும் வியர்த்துக் கை நடுங்கியது. வீட்டில் தேநீரும் பிஸ்கட்டும் சாப்பிட்ட பிறகே தெளிந்தது. நாயை அழைத்துச் செல்வதை நிறுத்திவிட வேண்டுமா?

பதில்: தோள்வலியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்கு முதலில் கவலை தந்தது அந்தச் செவ்வாய்க்கிழமைதான். கிளிமிபிரைடு, வயிற்றில் உணவு இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும் மாத்திரை. அதனால்தான் அதை நாளின் முதல் முக்கிய உணவோடு அல்லது அதற்குச் சற்று முன்பு சாப்பிடச் சொல்கிறோம். ஏழு மணிக்கு அதைப் போட்டுக்கொண்டு, வெறும் வயிற்றோடு ஒரு மணி நேரம் நாயோடு இழுபறி நடத்தினால், இரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்க எல்லா வாய்ப்பும் உண்டு. வியர்வை, நடுக்கம், இனிப்பு உள்ளே போனதும் தெளிவு என்று நீங்கள் வரிசையாகச் சொல்லியிருப்பது விழுந்த அதிர்ச்சியைவிடத் தாழ்சர்க்கரைக்கே அதிகம் பொருந்துகிறது. நாய் இழுத்தது உண்மையாக இருக்கலாம். ஆனால் சர்க்கரை சரியாக இருந்திருந்தால் காலை ஊன்றிச் சமாளித்திருப்பீர்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

முழுநேர வேலையில் இருந்தவரை பள்ளி மணியே உங்கள் உணவுக்கும் மாத்திரைக்கும் நேரம் குறித்தது. இப்போது வாரத்தில் மூன்று நாள் ஒரு நேரம், நான்கு நாள் வேறு நேரம். மாத்திரை மட்டும் பழைய நேரத்திலேயே நின்றுவிட்டது. பகுதி ஓய்வில் இருக்கும் பலரிடம் இந்தக் குழப்பத்தைப் பார்க்கிறேன். பள்ளி இல்லாத நாளிலும் ஏழரை மணிக்கு இரண்டு இட்லியாவது சாப்பிடுங்கள், மாத்திரை அதோடு சேரட்டும், நடை அதற்குப் பிறகு இருக்கட்டும். மாத்திரையின் அளவைக் குறைக்க வேண்டுமா என்பதை உங்கள் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். இந்த வாரமே அவரிடம் இதைச் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மறுபடி அப்படி நடுங்கினால் குளுக்கோமீட்டரில் பார்த்துவிட்டு, கருவி அருகில் இல்லையென்றால் பார்க்காமலே, மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். பதினைந்து நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை குடிக்கலாம்.

இனித் தோளுக்கு வருவோம். முழங்கையை விலாவோடு ஒட்டி மடக்கி வைத்துக்கொண்டு, முன்கையை மட்டும் கதவு திறப்பதுபோல வெளிப்பக்கம் திருப்பிப் பாருங்கள். பிறகு உங்கள் கையைத் தளர்வாக விட்டு, வீட்டில் ஒருவரை மெதுவாகத் திருப்பச் சொல்லுங்கள். நீங்கள் திருப்பினாலும் பிறர் திருப்பினாலும் ஒரே இடத்தில் முட்டி நின்றால், மூட்டைச் சுற்றியுள்ள உறை இறுகிவிட்டது என்று பொருள். ஃப்ரோஸன் ஷோல்டர் என்று நீங்கள் கேள்விப்பட்டிருப்பது இதுதான். சர்க்கரை நோயாளிகளுக்கு இது மற்றவர்களைவிட அதிகமாக வருகிறது. முழுதாக விலக ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். பிறர் தூக்கும்போது கை எளிதாக மேலே போய், நீங்களாகத் தூக்கும்போது மட்டும் முடியவில்லை என்றால், இழுப்பில் தசைநார் கிழிந்திருக்கக்கூடும். அதற்குத் தாமதிக்காமல் எலும்பு மருத்துவரைப் பார்க்க வேண்டும். உறை இறுக்கம்தான் என்றால் கையை அசைக்காமல் வைத்திருப்பது அதை இன்னும் இறுக்கும் என்பதால், இயன்முறை மருத்துவரிடம் பயிற்சி கற்றுக்கொண்டு தினமும் செய்யுங்கள். தோளில் ஸ்டீராய்டு ஊசி போட்டால் சில நாள்களுக்குச் சர்க்கரை ஏறும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

நாயை விட்டுவிடச் சொல்ல எனக்கு மனமில்லை. சிப்பிப்பாறை, முயல் வேட்டைக்காகத் தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்ட இனம். ஓடுகிற எதையும் கண்டவுடன் கால் தானாகப் பாயும், அதை முரட்டுத்தனம் என்று சொல்ல முடியாது. ஆகவே அதன் ஓட்டத்துக்கு வேறு வழி செய்ய வேண்டும். சுற்றுச்சுவர் உள்ள இடத்தில், இளையவர் ஒருவர் மேற்பார்வையில், தினமும் அவிழ்த்துவிட்டு ஓடவிடுங்கள். பள்ளி நாள், ஓய்வு நாள் என்று பாராமல் ஒரே நேரத்தில் விடுங்கள். ஒருநாள் பத்து நிமிடமும் மறுநாள் ஒரு மணி நேரமும் என்றால், ஆணியிலிருந்து வாரை எடுக்கும் சத்தத்துக்கே அது துள்ளத்தான் செய்யும். அப்படித் துள்ளினால் வாரைத் திரும்ப மாட்டிவிட்டு உட்காருங்கள். நான்கு காலும் தரையில் நின்ற பிறகே மறுபடி எடுங்கள். முதல் வாரம் உங்கள் பொறுமை சோதிக்கப்படும்.

ஆறு வாரத்துக்காவது வாரை வேறொருவர் பிடிக்கட்டும். இடது கையில் பிடிக்கலாமே என்று நினைக்காதீர்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு மறுதோளும் பிறகு இறுகிப்போவதுண்டு. மீண்டும் நீங்கள் பிடிக்கும்போது, வாரைக் கோக்கும் வளையம் மார்பின் முன்பக்கம் உள்ள ஹார்னஸை, அதாவது நாயின் மார்பைச் சுற்றிக் கட்டும் பட்டையை, மாட்டுங்கள். பாய்ந்தால் அதன் உடல் பக்கவாட்டில் திரும்பிவிடும், இழுப்பின் வேகம் உங்கள் கைக்கு முழுதாக வராது. நான்கைந்து அடி வாரே போதும். வார் நீளமாக இருந்தால் அதன் நுனியை எட்டுவதற்குள் நாய் முழு வேகம் பிடித்துவிடும். வாரை விரலிலோ மணிக்கட்டிலோ சுற்றாதீர்கள், அதில் விரல் எலும்பு முறிந்து வருகிறவர்கள் உண்டு. விழப்போகிறோம் என்று தெரிந்தால் வாரை விட்டுவிடுங்கள்.

நாயோடு நடப்பதை உங்கள் உடற்பயிற்சிக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது ஒவ்வொரு கம்பத்தையும் முகர்ந்து நிற்கும். நிற்கட்டும், முகர்வதும் அதற்கு நல்ல வேலைதான். உங்களுக்கு வேண்டியது வாரத்துக்கு 150 நிமிடம், பேச முடிந்தும் பாட முடியாத வேகத்தில் நடக்கும் நடை. அதை மாலையில் தனியாக நடங்கள். நடக்கும்போது தோளிலோ மார்பிலோ வலி தொடங்கி, நின்றதும் குறைந்தால், அது எந்தப் பக்கமாக இருந்தாலும் அன்றே இதயப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

காலையில் எதைப் போட்டுக்கொண்டு நடக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ரப்பர் செருப்பு என்றால், ஒன்பது ஆண்டுச் சர்க்கரையில் பாதத்தின் உணர்வு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதையும் மருத்துவரிடம் சோதித்துவிட்டு, பின்பக்கம் மூடிய காலணி வாங்குங்கள்.